பொதிகை மலைக்கு மூணு நாள்: ஒரு மண்டலம் முன்னாடியே தொடங்கும் பயணம்

 

"அகத்தியர் மலைக்குப் போகணும், எப்படிப் பிளான் பண்றது?" இந்தக் கேள்வி நம்ம குரூப்ல மாசத்துக்கு ஒரு தடவையாவது வந்துடுது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் போடுறதுக்குப் பதிலா, எல்லாத்தையும் ஒரே பாடமா எழுதிடலாம்னு இந்தப் பதிவு. தூத்துக்குடியில இருந்து நாங்க நாலு பேர் போய்ட்டு வந்தோம். அந்த அனுபவமும், அதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் படிச்சுச் சேர்த்த விவரமும் இதுல இருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு. போகணும்னு உண்மையிலேயே ஆசை இருந்தா கடைசி வரைக்கும் படிங்க.

1. ஏன் இந்த மலை?

முருகப்பெருமான் அகத்தியருக்குத் தமிழை உபதேசம் செய்தார், அந்தத் தமிழோட அகத்தியர் வந்து தங்கின இடம் பொதிகை என்பது நம்ம மரபு. அந்த மலைத்தொடரோட உயரமான சிகரம்தான் அகத்தியர்கூடம். உயரம் 1,868 மீட்டர். தமிழ்நாடு, கேரளா ரெண்டுக்கும் நடுவுல நிக்குது.

தூத்துக்குடிக்காரங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தாமிரபரணி பிறக்கிறது இந்தப் பொதிகையில. ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடி, நம்ம புன்னைக்காயல் பக்கம் மன்னார் வளைகுடாவுல சேருது. வல்லநாட்டுல இருந்து குழாய்ல ஏறி நம்ம ஊருக்கு வர்ற குடிதண்ணி இந்த ஆத்துத் தண்ணிதான். கொற்கை ஒரு காலத்துல இந்த ஆத்து முகத்துல இருந்த முத்துத் துறைமுகம். அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளைச் சொல்லும்போது தாமிரபரணி பேரையும் சேர்த்தே சொல்லுது. அதனால இந்த மலை நமக்கு வெளியூர் மலை இல்ல. நம்ம வீட்டுக் குழாயோட மேல் முனை.

நவகைலாயக் கதை தெரியும்தானே? அகத்தியர் தன்னோட சீடரான உரோமச முனிவர் கையில ஒன்பது தாமரைப் பூக்களைக் கொடுத்து ஆத்துல விடச் சொன்னார். ஒவ்வொரு பூவும் கரை ஒதுங்கின இடத்துல ஒரு சிவன் கோயில். முதல் பூ பாபநாசத்துல ஒதுங்குச்சு, ஒன்பதாவது பூ நம்ம சேர்ந்தபூமங்கலத்துல. பூ மேல இருந்து கீழ வந்த வழியைத்தான் நாம கீழ இருந்து மேல பார்க்கப் போறோம்.

2. எந்த வழி, எந்த மாசம், யார் அனுமதி?

இப்போ முறையான அனுமதியோட சிகரத்துக்குப் போற மூணு நாள் பயணம் கேரளா வழியா நடக்குது. திருவனந்தபுரம் மாவட்டத்துல நெடுமங்காடு, விதுரா தாண்டி போனக்காடுன்னு ஒரு பழைய தேயிலைத் தோட்டம். அங்க இருந்துதான் நடை. அனுமதி கொடுக்கிறது கேரள வனத்துறை.

வழக்கமான சீசன் ஜனவரி நடுவுல தொடங்கி பிப்ரவரி கடைசி வரைக்கும். புக்கிங் அறிவிப்பு பெரும்பாலும் ஜனவரி தொடக்கத்துல வனத்துறையோட தளத்துல வரும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான்னு எண்ணிக்கை உண்டு. எண்ணிக்கையும் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதனால பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துக் கணக்குப் போடாதீங்க. அந்தந்த ஆண்டு அறிவிப்பை மட்டும் பாருங்க. ஸ்லாட் திறந்ததும் தட்கல் டிக்கெட் மாதிரி வேகமா தீர்ந்துடும். பேர், வயசு, அடையாள அட்டை நம்பர் எல்லாம் ஒரு நோட்ல முன்னாடியே டைப் பண்ணி வச்சுக்குங்க. 14 வயசுக்குக் குறைவானவங்களுக்கு அனுமதி இல்ல.

பெண்கள் போகலாமான்னு நிறைய சகோதரிகள் கேக்குறாங்க. போகலாம். 2018 நவம்பர்ல கேரள உயர் நீதிமன்றம் இதுல ஆண் பெண் பாகுபாடு கூடாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. 2019 ஜனவரியில தன்யா சனல் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு சிகரம் ஏறின முதல் பெண்.

ஏன் ஜனவரி? மலைக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. தாமிரபரணி வத்தாத ஆறா இருக்கிறது அதனாலதான். 2023 டிசம்பர் 17, 18 நமக்கு மறக்காது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ரயிலோட ஜனங்க மாட்டிக்கிட்டாங்க. அந்த மாதிரி ஒரு மழை, பாலமே இல்லாத ஓடைகள் இருக்கிற காட்டுப் பாதையில பெய்தா என்ன ஆகும்னு யோசிங்க. மழை ஓய்ஞ்சு, காடு காய்ஞ்சு தீ பிடிக்கிற கோடை வர்றதுக்குள்ள இருக்கிற சின்ன இடைவெளிதான் இந்த சீசன்.

3. "பாபநாசம் பக்கமா ரகசிய வழி" மெசேஜ்

எங்க குரூப்புக்கும் இந்த மெசேஜ் வந்துச்சு. "கேரளா டிக்கெட் தேவையில்ல, காரையார் பக்கமா நைட்ல கூட்டிட்டுப் போறோம், நம்ம தமிழ்நாட்டு வழி." ஒரு ஏஜென்ட் போன் நம்பரும் இருந்துச்சு. கூட வர்றதா இருந்த ரெண்டு நண்பர்கள் அதுக்கு ஆசைப்பட்டாங்க. "அந்தக் காலத்துல நம்ம ஊர்க்காரங்க அப்படித்தானே போனாங்க"ன்னு கேட்டாங்க. அந்த ஆதங்கத்துல நியாயம் இருக்கு. நம்ம ஆறு பிறக்கிற மலைக்கு நாம ஏன் அடுத்த மாநிலம் சுத்திப் போகணும்?

ஆனா அந்தப் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல அறிவிச்ச, தமிழ்நாட்டோட முதல் புலிகள் காப்பகம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாம உள்ள போறதே குற்றம். நான் ஏஜென்ட்கிட்ட மூணே கேள்வி கேட்டேன். அனுமதிச் சீட்டுல யார் பேர் இருக்கும்? கூட வர்ற வழிகாட்டி யார்? ஒருத்தருக்குக் கால் உடைஞ்சா எப்படிக் கீழ கொண்டு வருவீங்க? மூணுக்கும் பதில் இல்ல. அதுக்கப்புறம் அந்த நண்பர்களே நம்பரை டெலீட் பண்ணிட்டாங்க.

2018 மார்ச் 11 குரங்கணியை நினைச்சுப் பாருங்க. தேனி மாவட்டத்துல மலையேறப் போன நம்ம வயசுப் பிள்ளைங்க காட்டுத்தீயில சிக்கி, 20 பேருக்கு மேல இறந்தாங்க. யார் எந்தப் பாதையில இருக்காங்கன்னு தெரியாதபோது காப்பாத்த வர்றவங்களும் தேடித்தான் வரணும். அனுமதிச் சீட்டை வெறும் நுழைவு டிக்கெட்டா பார்க்காதீங்க. "இந்த நாலு பேர் இந்த மூணு நாள் இந்தப் பாதையில இருக்காங்க"ன்னு ஒரு அரசு அலுவலகத்துல பதிவாகியிருக்கு, அதுதான் அதோட மதிப்பு. மலேசியாவுல கினபாலு மலை (4,095 மீட்டர்) ஏறப் போனாலும் இதே கதைதான், பெர்மிட்டும் வழிகாட்டியும் இல்லாம விட மாட்டாங்க.

தயவு செய்து அந்த மாதிரி மெசேஜை ஃபார்வர்ட் பண்ணாதீங்க.

4. ஒரு மண்டலம்: விரதமும் பயிற்சியும்

கந்த சஷ்டி முடிஞ்ச மறுநாள் தொடங்கினா, 48 நாள் கழிச்சு டிசம்பர் நடுவுல இருந்து ஜனவரி தொடக்கத்துக்குள்ள வந்து நிக்கும். அடுத்து புக்கிங் அறிவிப்பு. காலண்டரே நமக்குத் தோதா இருக்கு. அதனால நாங்க உடற்பயிற்சியை மண்டல விரதத்தோட சேர்த்துட்டோம்.

நமக்குப் பெரிய பிரச்சினை, தூத்துக்குடி தட்டையான ஊர். திருச்செந்தூர் பாதயாத்திரை 40 கிலோமீட்டர் நடந்தவங்க "எனக்கு நடை பழக்கம்தான்"னு நினைப்பாங்க. அது சமதளம், இங்க ஏறணும். ஒரு மாடி 3 மீட்டர்னு வச்சா 600 மீட்டர் ஏற்றம் 200 மாடிக்குச் சமம்.

எங்க அட்டவணை இதுதான்:

முதல் 16 நாள்: தினம் காலையில 5 கிலோமீட்டர் வேக நடை. பை இல்லாம.

அடுத்த 16 நாள்: ஒருநாள் விட்டு ஒருநாள் படிக்கட்டு. எங்க அபார்ட்மென்ட் மூணு மாடி. பத்துத் தடவை ஏறி, பத்துத் தடவை நடந்தே இறங்கணும். லிஃப்ட்ல இறங்கினா கணக்குல சேராது. ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனா முட்டியைப் பதம் பார்க்கிறது இறக்கம்தான்.

கடைசி 16 நாள்: அதே படிக்கட்டு, முதுகுல 8 கிலோ பையோட. ஞாயித்துக்கிழமை கழுகுமலை, நாகர்கோவில் பக்கம் மருந்துவாழ்மலை மாதிரி ஒரு மலை. மலையில போடப் போற அதே ஷூவைப் போட்டுப் பழகுங்க. புது ஷூவோட போனா முதல் நாளே கால் கொப்புளமாயிடும்.

விரதம் பத்தி ஒரு விஷயம். 48 நாளும் ஒரு வேளை உணவுன்னு இருக்கிறவங்க இருக்கீங்க. அதை மலைக்கு முன்னாடியே முடிச்சுக்குங்க. மலையில இருக்கிற மூணு நாளும் வேளாவேளைக்குச் சாப்பிடணும். பட்டினியோட ஏறி மயங்கி விழுந்தா, நம்மளைத் தூக்கிச் சுமக்கப் போறது இன்னொருத்தர். செருப்பில்லாம நடக்கிற வேண்டுதலும் அப்படித்தான். வேரும் வழுக்குப் பாறையும் அட்டையும் இருக்கிற பாதையில கால் வெட்டுப்பட்டா, வேண்டுதல் செஞ்சவரோட சேர்ந்து மொத்தக் கூட்டமும் நின்னுடும்.

5. மருத்துவச் சான்று, எங்க அப்பா

சமீப ஆண்டுகளா உடல் தகுதிக்கான மருத்துவச் சான்று கேக்குறாங்க. பயணத் தேதிக்குப் பக்கத்துல வாங்கினதா இருக்கணும். தெரிஞ்ச டாக்டர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. 2024 சீசன்ல வெள்ளியங்கிரி ஏறப் போன பக்தர்கள் பல பேர் மூச்சுத் திணறலும் மாரடைப்பும் வந்து இறந்து போனாங்க. அதுல சின்ன வயசுக்காரங்களும் உண்டு.

எங்க அப்பா துறைமுகத்துல வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொதிகைக்குப் போகணும்கிற ஆசையை எனக்குள்ள விதைச்சதே அவர்தான். 48 நாளும் என்கூடப் படிக்கட்டு ஏறினார். டாக்டர் டிரெட்மில் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ரிசல்ட்டைப் பார்த்துட்டு, "மெதுவா நடங்க, மலை மட்டும் வேண்டாம்"னு சொல்லிட்டார். வர்ற வழியெல்லாம் அப்பா ஒண்ணும் பேசல. மறுநாள் காலையில என்கிட்ட வந்து, "வேற டாக்டர்கிட்ட கேட்டுப் பாக்கலாமாடா?"ன்னு கேட்டார். சாயங்காலம் அவரே, "வேண்டாம், நடுவழியில நான் உக்காந்துட்டா உங்க எல்லாரோட பயணமும் போச்சு"ன்னு சொன்னார்.

வீட்டுல பெரியவங்களைக் கூட்டிட்டுப் போக நினைக்கிறவங்க, பரிசோதனையை மண்டலம் தொடங்குறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க. ஆசையை 48 நாள் வளர்த்துட்டு "வேண்டாம்"னு கேக்குறது ரொம்பக் கஷ்டம்.

6. பையில என்ன?

பை 8 கிலோவுக்கு மேல போகக் கூடாது.

தண்ணிக்கு ரெண்டு ஸ்டீல் பாட்டில், மொத்தம் 2 லிட்டர். பாதையில ஓடைகள் வரும், வழிகாட்டி சொல்ற இடத்துல நிரப்பிக்கலாம். ரெண்டு செட் மாத்துத் துணி, சீக்கிரம் காயுற துணியா இருக்கட்டும். ஜீன்ஸ் வேண்டாம், நனைஞ்சா கனம். ஒரு ஸ்வெட்டர், ஒரு மழைக்கோட்டு. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். தூத்துக்குடியில 30 டிகிரின்னா உச்சியில 18 டிகிரி, காத்தும் ஈரமும் சேர்ந்தா இன்னும் குளிரும். டார்ச், விசில், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், கட்டுத்துணி, வழக்கமா சாப்பிடுற மாத்திரை. கடலைமிட்டாய் நிறைய, கோவில்பட்டி நம்ம மாவட்டம்தானே!

அட்டைக்கு உப்பு. முழுக்கால் பேன்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகிக்குங்க. கடிச்சா பிடிச்சு இழுக்காதீங்க, நகத்தால வாய்ப்பக்கமா தள்ளி எடுத்துடலாம். ரத்தம் கொஞ்ச நேரம் வரும், பயப்பட வேண்டாம்.

எடுத்துட்டுப் போகக் கூடாதது: பிளாஸ்டிக், புகையிலை, மது. பூஜைப் பொருட்களுக்கும் அனுமதி இல்ல. இதைப் பத்திக் கீழ தனியா சொல்றேன்.

7. மூணு நாள் கணக்கு

முதல் நாள்: போனக்காட்டுல பதிவு, பை சோதனை. அப்புறம் அதிருமலை முகாம் வரைக்கும் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். வழியில கரமனையாறு, அட்டையாறு, வாழப்பைந்தியாறுன்னு ஓடைகள். இந்தக் கரமனையாறு மேற்குப் பக்கம் இறங்கித் திருவனந்தபுரம் வழியா அரபிக்கடலுக்குப் போகுது. கிழக்குப் பக்கம் விழுற மழை நமக்கு வருது. நிழல் இல்லாத புல்வெளி ஒண்ணு வரும், அங்க வெயில் அடிக்கும். அதுக்கப்புறம் முட்டிடிச்சான் ஏற்றம். முட்டி வந்து நெஞ்சுல இடிக்கிற அளவுக்குச் செங்குத்து, பேர்லயே விஷயம் இருக்கு. ராத்திரி அதிருமலையில பொது இடத்துல படுக்கை. கேன்டீன்ல சாப்பாடு கிடைக்கும்.

ரெண்டாம் நாள்: காலையில கிளம்பி சிகரம், ஏறத்தாழ 6 கிலோமீட்டர். நடுவுல பொங்காலைப் பாறை. கடைசியில கயிறு பிடிச்சு ஏறுற பாறைகள். தரிசனம் முடிஞ்சு அன்னைக்கே முகாமுக்குத் திரும்பணும்.

மூணாம் நாள்: அதே 15 கிலோமீட்டர் இறக்கம்.

நேரத்தை எப்படிக் கணக்குப் போடுறது? 1892-ல ஸ்காட்லாந்துல நெய்ஸ்மித்னு ஒரு மலையேறி சொன்ன எளிய விதி இருக்கு. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 6 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம்னா ரெண்டேகால் மணி நேரம் வரும். ஆனா அது நல்ல பாதைக்கும் பழகின ஆளுக்கும் போட்ட கணக்கு. வேர், பாறை, கயித்துக்கிட்ட வரிசை, மூச்சு வாங்குறது எல்லாம் சேர்த்து நாங்க ரெண்டால பெருக்கி நாலரை மணி நேரம்னு வச்சோம். சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இந்த ரெண்டால பெருக்குற பழக்கம் தன்னாலயே வந்துடும்!

8. காட்டுக்குள்ள பக்தி

நாம கோயில்ல செய்யுற எல்லாத்தையும் காட்டுல செய்ய முடியாது. "அரோகரா"ன்னு கத்திக் கூப்பிடக் கூடாது. அது யானை நடமாடுற காடு. சத்தம் கேட்டா யானை ஒண்ணு மிரளும், இல்லன்னா நம்மளை நோக்கி வரும். ரெண்டும் ஆபத்து. புளூடூத் ஸ்பீக்கர்ல கவசம் போடுறதும் வேண்டாம். சென்ட், ஊதுபத்தி வேண்டாம். பளீர்னு துணி வேண்டாம்.

விளக்கும் கற்பூரமும் பாலும் பன்னீரும் இல்லாம அகத்தியரைப் பார்க்கப் போறது எங்களுக்கு முதல்ல குறையாத்தான் இருந்துச்சு. முகாம்ல ஒரு வழிகாட்டி அண்ணாச்சிகிட்ட கேட்டேன். "நீங்க விட்டுட்டுப் போற பாலும் துணியும் பிளாஸ்டிக்கும் எல்லாம் இந்த ஓடையிலதான் கலக்கும். கீழ குடிக்கிறது யாரு?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டார். மலைக்கு அந்தப் பக்கம் இறங்குற தண்ணியை நாம குடிக்கிறோம், இந்தப் பக்கம் இறங்குறதைத் திருவனந்தபுரத்துக்காரங்க குடிக்கிறாங்க. அங்க எதையும் விட்டுட்டு வராம இருக்கிறதே அபிஷேகம்னு எடுத்துக்கிட்டோம். மனசுக்குள்ள ஆறெழுத்து சொல்றதுக்கு எந்தத் தடையும் இல்ல.

வழிகாட்டிகள்ல பல பேர் காணி பழங்குடி மக்கள். அகத்தியரைத் தங்களோட முன்னோரா, குருவா கும்பிடுறவங்க. 1987-ல இந்த மலையில ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் நடந்து களைச்சுப் போனபோது, கூட வந்த காணி வழிகாட்டிகள் ஏதோ ஒரு செடியோட காயைத் தின்னுட்டுத் தெம்பா நடந்தாங்க. அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதுல இருந்து பாலோட்டில இருக்கிற தாவரவியல் ஆய்வு நிறுவனம் 'ஜீவனி'ன்னு மருந்து உருவாக்குச்சு. அதுல கிடைச்ச உரிமத் தொகையில பாதி காணி மக்களுக்குன்னு ஒப்பந்தம். அதுக்காக 1997-ல அவங்களுக்கு ஒரு அறக்கட்டளையும் ஏற்பட்டுச்சு. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்ததுல உலக அளவுல பேசப்பட்ட உதாரணம் இது. அதனால வழிகாட்டியைப் பை தூக்க வந்த ஆளா நடத்தாதீங்க. அவர் சொன்னா நில்லுங்க, அவர் சொன்னா நடங்க. அந்தச் செடியைக் காட்டுங்கன்னு நச்சரிக்கவும் வேண்டாம்.

9. கயிறு பிடிக்கிற மச்சான்

நம்ம கடற்கரையில முத்துக்குளிப்பு கடைசியா நடந்தது 1961-ல. இப்போ அந்தத் தலைமுறை ஆட்கள் குறைவு. ஆனா முத்துக்குளிக்கிறவன் இடுப்புக் கயித்தை மச்சான் கையில கொடுப்பான்னு சொல்றதை எல்லாரும் கேட்டிருப்பீங்க. கல்லைக் கட்டிக்கிட்டு இறங்குறவனுக்கு அடியில இருக்க ஒரு நிமிஷம் போலத்தான் மூச்சு. கயித்தை அசைச்சா மேல இருக்கிறவர் உடனே இழுக்கணும். அக்கா தாலி மேல அக்கறை உள்ளவன் கண்ணை எடுக்க மாட்டான், அதனால மச்சான்.

மலையேறுறவனுக்கும் அப்படி ஒருத்தர் வேணும். போனக்காடு தாண்டினா போன் சிக்னலை நம்ப முடியாது. மூணு நாள் நாம எங்க இருக்கோம்னு வீட்டுக்குத் தெரியாது. அதனால ஒரு தாள்ல இதெல்லாம் எழுதி ஒருத்தர்கிட்ட கொடுங்க:

நாலு பேரோட பேர், ரத்த வகை, வீட்டு நம்பர். அனுமதிச் சீட்டோட நகல். எந்த நாள் எந்த இடம். வனத்துறை அலுவலக நம்பர். மூணாம் நாள் எத்தனை மணிக்குள்ள போன் வரணும். வரலன்னா முதல்ல யாரைக் கூப்பிடணும்.

கடைசி ரெண்டு வரி ரொம்ப முக்கியம். "வந்தா சொல்றேன்"னு சொல்லிட்டுப் போனா, எப்போ பயப்படணும்னே வீட்டுக்காரங்களுக்குத் தெரியாது.

எங்களுக்குக் கயிறு பிடிச்சது அப்பா. தாளை காலண்டர் பக்கத்துல ஒட்டி வச்சிருந்தார். நாங்க சிகரம் போற அன்னைக்குக் காலையில அவர் பஸ் ஏறி சேர்ந்தபூமங்கலம் போய்க் கும்பிட்டுட்டு, புன்னைக்காயல்ல ஆத்து முகத்துல நின்னு ஒரு கை தண்ணியைத் தலையில தெளிச்சுக்கிட்டாராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

10. திரும்புற நேரம்

இந்தப் பாடத்துல ஒரே ஒரு பகுதியை மட்டும் ஞாபகம் வச்சுக்குவீங்கன்னா, அது இதுவா இருக்கட்டும்.

1996 மே மாசம் எவரெஸ்ட்ல ஒரே புயல்ல 8 பேர் இறந்தாங்க. மதியம் ரெண்டு மணிக்குள்ள உச்சி வரலன்னா திரும்பணும்னு பேச்சு இருந்தும், பல பேர் அந்த நேரம் தாண்டியும் ஏறிக்கிட்டே இருந்தாங்க. உச்சி கண்ணுக்குத் தெரியும்போது மனசு பேரம் பேசும். "இன்னும் கொஞ்சம்தானே?" அதனால முடிவைக் கீழ இருக்கும்போதே எழுதிடணும்.

நாங்க தூத்துக்குடியில உக்காந்து எழுதினது மூணு விதி. ஒண்ணு, மதியம் 12 மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பணும். ரெண்டு, வழிகாட்டி திரும்பச் சொன்னா மறுபேச்சு இல்ல. மூணு, யாரும் தனியா நிக்கக் கூடாது. ஒருத்தர் நின்னா அவரோட ஜோடி கூட நிக்கணும். ஜோடி யார் யார்னு பேரையும் எழுதியாச்சு.

ரெண்டாம் நாள் பொங்காலைப் பாறைக்கு வந்தபோது ஒரு நண்பனுக்கு முட்டி வீங்கிப் போச்சு. முதல் நாள் முட்டிடிச்சான் ஏற்றத்துலயே வலி ஆரம்பிச்சிருந்துச்சு. கயித்துப் பாறையில அந்தக் காலை வச்சு ஏற முடியாது. வழிகாட்டி பார்த்துட்டு, "இவரு இங்கயே இருக்கட்டும்"னு சொன்னார். அவனோட ஜோடி நான்.

மத்த ரெண்டு பேரும் வழிகாட்டியோட மேல போனாங்க. நாங்க பாறை ஓரத்துல மத்த கூட்டத்தோட உக்காந்துட்டோம். அவன், "நீ போய்ட்டு வாடா, எனக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு நாலஞ்சு தடவை சொன்னான். எனக்கும் கால் அரிச்சுச்சு, உண்மையைச் சொல்றேன். ஆனா அங்க முடிவு எடுக்க எதுவுமே மிச்சம் இல்ல. ரெண்டு மாசம் முன்னாடியே எழுதியாச்சு. மேகம் வந்து சிகரத்தை மூடும், விலகும், மறுபடி மூடும். அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டோம். மேல போனவங்க பத்திரமா இறங்கி வந்து, அகத்தியர் சிலை வெட்டவெளியில காத்துல நிக்குதுன்னு சொன்னாங்க. நான் பார்க்கல.

அவனும் நானும் மூணாம் நாள் 15 கிலோமீட்டர் இறக்கத்தை ஒரு கம்பை ஊனி, மெதுவா, எல்லாருக்கும் கடைசியா முடிச்சோம். ஆனா நடந்தே முடிச்சோம். முந்தின நாள் அந்தக் காலோட சிகரம் ஏறியிருந்தா தூக்கிட்டுத்தான் வந்திருக்கணும்.

மலையேறத் திட்டம் போடுறதுன்னா பை கட்டுறதும் டிக்கெட் எடுக்கிறதும் மட்டும்னு நினைக்காதீங்க. எங்க நிறுத்திக்கணும்னு ஏறுறதுக்கு முன்னாடியே ஒத்துக்கிறதுதான் திட்டம். ஆசையை இந்த எல்லையோட நிறுத்துவேன்னு முன்னாடியே சொல்லிட்டுத் தொடங்குறதுதானே விரதமும்!

11. டிக்கெட் கிடைக்கலன்னா?

பல பேருக்குக் கிடைக்காது. வருத்தப்பட வேண்டாம். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பாபநாசத்துல தொடங்கி ஆத்தோடயே கீழ வாங்க. சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, கடைசியா சேர்ந்தபூமங்கலம். ஒன்பது பூவும் ஒதுங்கின வழி. கோயில்கள் மதியம் நடை சாத்துவாங்க, அதைப் பார்த்து நேரம் போட்டுக்குங்க. அன்னைக்கு ஆத்துல எங்கெங்க குப்பை கிடக்குதுன்னும் பாருங்க. மலையில மூணு நாள் ஒரு மிட்டாய்த் தாளைக்கூடக் கீழ போடாம இருக்கிற நாம, ஊர்ல அதே ஆத்தை எப்படி வச்சிருக்கோம்னு தெரியும்.

அடுத்த கந்த சஷ்டிக்கு இன்னும் நாள் இருக்கு. போக நினைக்கிறவங்க இப்பவே ரெண்டு பேரை முடிவு பண்ணிக்குங்க. கூட நடக்கிற ஜோடி ஒருத்தர், வீட்டுல கயிறு பிடிக்கிறவர் ஒருத்தர். மத்ததெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

சந்தேகம் இருந்தா கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.

வேலும் மயிலும் துணை.